வாயைப் பெரிதாக்கினால் எஞ்சின் குளிருமா? 13பி ரோட்டரி விமானத்தின் காற்று வாய்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் கராஜிலேயே விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் ஏராளம். அதில் ஒரு சின்னக் கூட்டம், லைகமிங் மாதிரி விமானத்துக்கென்றே செய்த எஞ்சினுக்குப் பணம் கொட்டாமல், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றிய 13பி ரோட்டரி எஞ்சினை மாட்டிப் பறக்கிறது. வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, கனெக்டிங் ராட் கிடையாது. பிஸ்டனுக்குப் பதில் சுழலுகிற, 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், நடுவில் ஒரு எக்சென்ட்ரிக் ஷாஃப்ட், அவ்வளவுதான். வேகமாகச் சுற்றும் எஞ்சின் என்பதால் ப்ரொப்பெல்லருக்கு முன்னால் 2.17-க்கு 1 அல்லது 2.85-க்கு 1 என்று ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். ஃப்ளோரிடாவில் ட்ரேசி க்ரூக் தன் ஆர்வி-4 விமானத்தில் 13பி மாட்டிப் பறந்து காட்டியதோடு, இந்த கியர்பாக்ஸையும் எஞ்சின் கன்ட்ரோலரையும் மற்றவர்களுக்குச் செய்து விற்றார். அதனால் எஞ்சினைச் சுற்றியுள்ள சிக்கலில் பாதி 1990-களிலேயே தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

தீராமல் நின்றது சூடு. ரோட்டரி மாட்டிப் பறப்பவர் யாரைக் கேட்டாலும் எஞ்சினைப் பற்றிப் பேசுவதைவிட ரேடியேட்டரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஆர்வி-6 மாதிரி இருவர் உட்காரும் தாழ்சிறகு விமானம். எஞ்சின் 13பி, சுமார் 170 குதிரைத்திறன். கவுலிங், அதாவது எஞ்சினைப் போர்த்தும் மேலுறை, லைகமிங்குக்காக வார்த்தது. ப்ரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் கூம்பு மூடியான ஸ்பின்னருக்கு இரண்டு பக்கமும், குளிர்விக்கும் காற்று நுழைய ஒவ்வொரு காற்று வாய். ஒரே ஒருவருடைய விமானத்தின் கதை இல்லை இது. இந்த அமைப்பில் பலரும் போன வழியை ஒன்றாகச் சேர்த்து, எண்களை நானே கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் விமானத்துக்கு எண்கள் மாறும், கணக்கு மாறாது.

முதலில் நடப்பது இதுதான். தரையில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மேலே ஏறத் தொடங்கினால் தண்ணீர் முள்ளும் ஆயில் முள்ளும் சேர்ந்து ஏறும், இரண்டு மூன்று நிமிடத்தில் த்ராட்டிலைக் குறைத்தே ஆக வேண்டிய நிலை வரும், சமமாகப் பறந்தால் மெல்ல இறங்கிவிடும். தரைக்கு வந்ததும் கட்டினவர் கை தானாக ரம்பத்தைத் தேடிப் போகும். வாய் சின்னது, வெட்டிப் பெரிதாக்கு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு சூடு?

ரோட்டரியில் எரிதல் எப்போதும் ஹவுசிங்கின், அதாவது ரோட்டர் சுழலும் கூட்டின், ஒரே பக்கத்தில் நடக்கிறது. பிஸ்டன் எஞ்சினில் உள்ளே வரும் குளிர்ந்த கலவை அதே சிலிண்டரைக் கொஞ்சம் ஆற்றிவிட்டுப் போகும். இங்கே இன்டேக் பக்கம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், ஸ்பார்க் ப்ளக் பக்கம் எப்போதும் வேகும். ரோட்டர்களுக்குத் தண்ணீர் போகாது, அவற்றை ஆயில்தான் குளிர்விக்கிறது. அதனால் மொத்தக் குளிர்விப்புச் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஆயில் சுமக்கிறது. காரில் இருந்த சின்ன ஆயில் கூலரை நினைத்துக்கொண்டு விமானத்துக்குத் திட்டம் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் காரில் முழு த்ராட்டில் சில விநாடிகள்தான், இங்கே நிமிடக் கணக்கு. மீறிச் சூடேறினால் அலுமினிய ஹவுசிங்கும் இரும்பு ஹவுசிங்கும் வெவ்வேறு அளவில் விரியும், நடுவில் இருக்கும் கூலன்ட் சீல் போய்விடும், எஞ்சினைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது.

170 குதிரைத்திறன் என்றால் சுமார் 127 கிலோவாட். தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து காற்றில் விட வேண்டியது 100 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரின் கோருக்குள், அதாவது காற்று ஊடே போகும் அதன் நடுப்பகுதிக்குள், போகும் காற்று 50 டிகிரி சூடாகி வெளியே வருகிறது என்றால் விநாடிக்கு 2 கிலோ காற்று வேண்டும், கடல் மட்டத்தில் அது 1.6 கன மீட்டர். ஏறும் வேகம் 100 நாட், அதாவது விநாடிக்கு 51 மீட்டர். காற்று அதே வேகத்தில் வாய்க்குள் நுழைந்தால் 320 சதுர செ.மீ. வாய் போதும். பக்கத்துக்கு ஒன்றாக 14 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வட்டம். நம்ப முடிகிறதா? சூட்டில் தவிக்கும் பல விமானங்களில் ஏற்கெனவே இதைவிடப் பெரிய வாய் இருக்கும்.

அப்புறம் ஏன் சூடாகிறது? வாயின் பரப்பு காற்றைத் தள்ளுவதில்லை. கோரின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம்தான் தள்ளுகிறது. 100 நாட்டில் கிடைக்கும் மொத்த இயக்க அழுத்தமே, அதாவது ஓடிவரும் காற்றை நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தமே, 1,620 பாஸ்கல், நீர்மட்டமாகச் சொன்னால் 165 மி.மீ. அவ்வளவுதான் சம்பளம், வாய், அதிலிருந்து கோருக்குக் காற்றைக் கொண்டுபோகும் டக்ட், கோர், வெளிவழி என்று எல்லாச் செலவும் அதற்குள்தான். 170 நாட்டில் சமமாகப் பறக்கும்போது அது 4,680 பாஸ்கல் ஆகிவிடும், வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால். அதனால்தான் ஏறும்போது வேகிற எஞ்சின் சமமாகப் பறக்கும்போது குளிர்கிறது.

வாய்க்கும் கோருக்கும் நடுவே உள்ள 30 செ.மீ.

இந்த வகையில் பலர் ரேடியேட்டராக வைப்பது ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ஏசி இவாப்பரேட்டர் கோர். மலிவு, கனம் குறைவு, தடிமன் அதிகம், வாய்க்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிடும். நம் கணக்கில் ஒரு பக்கத்துக்கு 600 சதுர செ.மீ. முகப்புள்ள ஒரு கோர், ஆயில் கூலருக்குத் தனியாக 400. ஆக மொத்தம் 1,600. கோர் முகத்தில் காற்றின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், வெளிவேகத்தில் ஐந்தில் ஒன்று. வேகம் ஐந்தில் ஒன்றானால் இயக்க அழுத்தம் இருபத்தைந்தில் ஒன்று. மிச்சம் 96 சதவீதத்தை, கோருக்குள் காற்றைத் தள்ளும் நிலை அழுத்தமாக மாற்ற வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அது வாய்ப்பு மட்டும்தான், டக்ட் ஒழுங்காக இருந்தால் கிடைக்கும்.

ஒழுங்கு என்றால் என்ன? விரியும் டக்டில் சுவர் மைய அச்சிலிருந்து 7 டிகிரிக்கு மேல் விலகினால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும் என்பது பொதுவான விதி. 150 சதுர செ.மீ. வட்ட வாயிலிருந்து 600 சதுர செ.மீ. கோருக்கு நேர்ச் சுவரோடு 7 டிகிரியில் விரிக்க 56 செ.மீ. நீளம் வேண்டும். கவுலிங்கில் கிடைப்பது 30. பலர் என்ன செய்கிறார்கள் என்றால் வாய்க்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டி, அதன் கடைசியில் கோரை வைத்துவிடுகிறார்கள். காற்று பெட்டிக்குள் பீய்ச்சியடித்துக்கொண்டு நுழைந்து கோரின் நடுவில் மட்டும் மோதி, ஓரங்களில் சுழன்று, சில இடங்களில் முன்பக்கமாகவே திரும்பி வாய் வழியாக வெளியே கூடப் போகும்.

இதற்கு நல்ல வழி ஜெர்மன் ஏரோடைனமிக்ஸ் அறிஞர் டீட்ரிஷ் க்யூஷெமன் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். சுவரை முதலில் ஏறக்குறைய நேராகவே கொண்டுபோய், கடைசியில், கோருக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும், ஊதுகுழல் வாய் மாதிரி சட்டென்று விரிப்பது. பார்த்தால் தப்பாகத் தோன்றும், அவ்வளவு திடீரென விரிந்தால் காற்று பிரியாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் எதிரே கோரின் தடை இருப்பதால் அந்த இடத்தில் காற்று பக்கவாட்டில் பரவியே ஆக வேண்டும், சுவரை விட்டுப் பிரிய அதற்கு இடமில்லை. நுரைக் கட்டியை அந்த வடிவத்தில் செதுக்கி, மேலே இரண்டு அடுக்கு கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும் போட்டு, காய்ந்ததும் நுரையைத் தோண்டி எடுத்துவிட்டால் டக்ட் தயார். வார இறுதி வேலை. உள்பக்கம் மட்டும் வழவழப்பாக இருக்க வேண்டும், வெளியே எப்படி இருந்தால் என்ன.

இதையும் சொல்லிவிடுகிறேன்: வாயைப் பெரிதாக்கினதும் சிலருக்கு நிஜமாகவே சூடு குறைகிறது. காரணம் உண்டு. பெரிய வாய்க்கு முன்னால், வெளியிலேயே, காற்று வேகம் குறைந்து அழுத்தமாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தில் சுவரே இல்லை, அதனால் இழப்பும் கிடையாது. டக்ட் மோசமாக இருந்தால் பெரிய வாய் அதை மூடி மறைக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை சமமாகப் பறக்கும்போது. 170 நாட், 65 கிலோவாட், 2,000 மீட்டர் உயரம் என்று போட்டால் விநாடிக்கு சுமார் 1.3 கன மீட்டர் போதும், அதற்கு 165 சதுர செ.மீ. வாயே அதிகம். 600 வைத்திருந்தால் நுழைய வந்ததில் பெரும்பகுதி வாயின் உதட்டைத் தாண்டி வெளியே வழிகிறது. உதடு கூர்மையாக இருந்தால் அங்கேயே காற்று பிரிந்து கவுலிங் முழுக்க இழுவை. உருண்டையான தடித்த உதடு இதில் பாதியைக் காப்பாற்றும், ஏறும்போது உள்பக்கம் பிரிவதையும் அதே உதடுதான் தடுக்கும். மொத்தம் 400 சதுர செ.மீ.: ரேடியேட்டருக்கு 150 வீதம் இரண்டு, ஆயிலுக்கு 100. நான் இதில்தான் நிற்பேன்.

வாய் இருக்கும் இடமும் கணக்கு. ஸ்பின்னரை ஒட்டி வாய் வைத்தால், அங்கே ப்ரொப்பெல்லர் பிளேடு உருண்டைத் தடியாக இருக்கிறது, காற்றைத் தள்ளுவதற்குப் பதில் கலக்கிவிடுகிறது, ஸ்பின்னர் மேல் ஓடிவந்த மந்தமான படலமும் சேர்ந்து உள்ளே வரும். நாலு விரல் வெளியே தள்ளி வைத்தால் பிளேடு உண்மையான சிறகு வடிவம் எடுத்திருக்கும்.

பின்பக்கத்துச் செலவு

வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து எதிர் ஜன்னலை மூடிவைத்தால் காற்று வராது என்பது எல்லோருக்கும் தெரியும், கவுலிங் என்று வந்ததும் மறந்துபோகும். கோரைத் தாண்டிய காற்று சூடாகி விரிந்திருக்கிறது. 50 டிகிரி என்றால் பருமன் ஆறில் ஒரு பங்கு கூடுதல். அது போகிற வழியில் எக்ஸாஸ்ட் குழாய் இன்னும் சூடேற்றும், ரோட்டரியின் எக்ஸாஸ்ட் பிஸ்டன் எஞ்சினைவிட மிகச் சூடானது. வெளிவழி குறுகலாக இருந்தால் கவுலிங்குக்குள்ளேயே அழுத்தம் கட்டிக்கொள்ளும்.

ஒரு கணக்கு. டக்ட் நன்றாக வேலை செய்து 1,620-ல் 80 சதவீதம், அதாவது 1,300 பாஸ்கலைக் கோர் முன்னால் கொடுக்கிறது. கவுலிங்குக்குள் 30 சதவீதம், 490 பாஸ்கல், தேங்கியிருக்கிறது. கோருக்குக் கிடைப்பது 810. வெளிவழியைப் பெரிதாக்கி, கீழ் உதட்டில் ஒரு சின்ன மடிப்பு வைத்து, தேங்கிய அழுத்தத்தை வெளி அழுத்த அளவுக்கே இறக்கிவிட்டால் கிடைப்பது 1,300. காற்றோட்டம் ஏறக்குறைய வர்க்கமூலத்தில் கூடும், அதாவது கால் பங்குக்கு மேல் கூடுதல் காற்று, முன்னால் ஒரு மில்லிமீட்டர் கூட வெட்டாமல். இதே விமானத்தில் பெட்டி டக்ட் இருந்து 45 சதவீதம்தான் கிடைக்கிறது என்றால் கோருக்கு 240 பாஸ்கல், காற்று பாதியாகிவிடும். இரண்டு தப்பும் ஒரே விமானத்தில் இருந்தால் ரம்பத்தால் ஒன்றும் ஆகாது.

கோர் ஓரத்துக் கசிவு வேறு. சட்டத்துக்கும் கோருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி, 1 செ.மீ., ஒரு மீட்டர் சுற்றளவுக்கு இருந்தால் அந்த 810 பாஸ்கலில் விநாடிக்கு 0.2 கன மீட்டருக்கு மேல் சும்மாவே தப்பிப் போகும். தேவையில் ஏழில் ஒன்று. சிலிகான் டியூப் ஒன்று, அலுமினிய டேப் ஒரு சுருள். இதைவிட மலிவான குளிர்விப்பு கிடையாது. ஆயில் கூலரை ரேடியேட்டருக்குப் பின்னால் அடுக்கி வைக்கிற யோசனையும் வேண்டாம், ஏற்கெனவே வெந்த காற்றில் ஆயில் என்ன குளிரும்?

மஸ்டாங் கதை, கொஞ்சம்

இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர்விமானமான பி-51 மஸ்டாங்கை இழுத்து வருவார். 1935-ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் மெரடித் என்பவர் கணக்குப் போட்டுச் சொன்னது: ரேடியேட்டர் சூடேற்றிய காற்றைச் சரியான வடிவில் பின்னால் விட்டால் அது கொஞ்சம் உந்துவிசையாகத் திரும்பக் கிடைக்கும். 1940 அக்டோபரில் முதலில் பறந்த மஸ்டாங் அதை வயிற்றடி டக்டில் செய்து காட்டியது. அதை நம்பி 170 குதிரைத்திறன் விமானத்தில் உந்துவிசை தேடுவது பகல் கனவு, இழுவை குறைந்தால் போதும் என்று இருப்பதே மேல். ஆனால் மஸ்டாங்கிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறொன்று. வயிற்றடி வாய் உடலோடு ஒட்டியில்லை, கொஞ்சம் கீழே தள்ளி, நடுவில் இடைவெளி விட்டு இருக்கும். பி மாடல் வந்தபோது அந்த டக்டில் ஒரு உறுமல் கேட்டது. உடல்மேல் ஊர்ந்து வரும் மந்தமான படலம் வாய்க்குள் புகுந்து, காற்று ஒழுங்கில்லாமல் பிரிந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு அதிர்ந்தது. கலிஃபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்துப் பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, வாயின் மேல் உதட்டை இன்னும் இறக்கினதும் அடங்கியது.

லாங்-ஈஇசட், கோஸி மாதிரி எஞ்சின் பின்னால் இருக்கும் விமானங்களில் ரோட்டரி மாட்டுகிறவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். மூக்கிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி வயிற்றில் வாய் வைத்தால், 100 நாட்டில் அந்தப் படலம் அங்கே ஏறக்குறைய 4 செ.மீ. தடித்திருக்கும். 8 செ.மீ. உயர வாயை ஒட்டவைத்தால் பாதி வாய் சோம்பேறிக் காற்றையே குடிக்கும். உடலுக்குள் புதைந்த நாக்கா டக்ட் பார்க்க அழகாக இருக்கும், கேபினுக்குக் காற்று கொண்டுவர அருமையானது, ஆனால் தடித்த கோரின் தடையைத் தள்ள அதை நம்பாதீர்கள். பின் எஞ்சினில் ப்ரொப்பெல்லர் காற்றும் வாய்க்கு உதவாது, தரையில் ஓட்டும்போது மின்விசிறி இல்லாமல் கஷ்டம்.

அளந்து பார்க்காமல் வெட்டாதே

சான்றிதழ் பெறாத எஞ்சின் என்பதால் அமெரிக்காவில் இந்த விமானத்துக்கு வழக்கமாக முதல் 40 மணிநேரம் சோதனைப் பறப்பு. அளப்பதற்கு அதைவிட நல்ல காலம் வராது. கோர் முன்னால் ஒரு சின்னச் செப்புக் குழாயைக் குறுக்கே வைத்து, வரிசையாகத் துளை போட்டு, ஒரு முனையை அடைத்து, மறு முனையிலிருந்து ப்ளாஸ்டிக் குழாயைக் காக்பிட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோருக்குப் பின்னால் இன்னொன்று. பழைய வேகமானி ஒன்று கிடைத்தால் முன்குழாயை அதன் பிட்டோ துளையிலும் பின்குழாயை ஸ்டாட்டிக் துளையிலும் மாட்டினால் போதும், முள் நேரடியாக அழுத்த வித்தியாசத்தைக் காட்டும். 70 நாட் காட்டினால் 790 பாஸ்கல், 100 காட்டினால் 1,620. வேகமானி கிடைக்காவிட்டால் பலகையில் யு வடிவக் குழாய் வைத்துக் கலர்த் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், குலுங்கும்போது படிப்பதுதான் தொல்லை.

கூடவே கோருக்குப் பின்னால் காற்றின் வெப்பத்தை அளக்க ஒரு ப்ரோப். தண்ணீர் 100 டிகிரி, பின்னால் வரும் காற்று 90 என்றால் காற்று போதவில்லை. டக்டையோ வெளிவழியையோ பாருங்கள். தண்ணீர் 100, பின்காற்று 55 மட்டுமே என்றால் காற்று தாராளமாகப் போகிறது, ஆனால் சூட்டைச் சுமந்து போகவில்லை. தண்ணீர் ஓட்டம் குறைவு, அல்லது கோரின் ஒரு பாதியில் மட்டுமே காற்று போகிறது. ப்ரோபை நாலு மூலைக்கும் நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது நிலையில் வாயைப் பெரிதாக்கிப் பயனே இல்லை. இந்த ஒரு அளவீட்டையே செய்யாமல் மூன்று தடவை கவுலிங்கை வெட்டி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

15 டிகிரி நாளில் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் கூடாது. தண்ணீர் 95, வெளிக்காற்று 15 என்றால் வித்தியாசம் 80. டெக்சஸ் கோடையில் வெளிக்காற்று 35 என்றால் வித்தியாசம் 60 மட்டும், அதோடு காற்றின் அடர்த்தியும் குறையும், மொத்தத்தில் குளிர்விப்பில் 30 சதவீதம் போய்விடும். குளிர்நாளில் ஏறும்போது 80 டிகிரியில் நிற்காத எஞ்சின் கோடையில் நிச்சயம் சிவப்பைத் தொடும். அந்த நாளில் மூக்கைத் தாழ்த்தி 120 நாட்டில் ஏறினால் இயக்க அழுத்தம் 44 சதவீதம் கூடும், காற்று 20 சதவீதம் கூடும், ஏறும் வேகம் கொஞ்சம் போனாலும் எஞ்சின் பிழைக்கும்.

எல்லாம் சரியாகி, ஏறும்போது இரண்டு முள்ளும் அடங்கி நின்றுவிட்டால் அடுத்த தொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். குளிர்கால உயரத்தில் ஆயில் 60 டிகிரிக்குக் கீழே போய் ஏறவே மாட்டேன் என்னும். அப்போது முன் வாயில் தகடு வைத்து அடைப்பதைவிட வெளிவழியில் காக்பிட்டிலிருந்து கேபிளில் இழுக்கிற ஒரு கதவு வைப்பது நல்லது. மூடினால் காற்று குறைந்து ஆயில் சூடேறும், வெளியே போகிற காற்றும் வேகம் கூடிப் போவதால் இழுவை குறையும், ஏறும்போது முழுக்கத் திறந்துவிடலாம். ஒரு சின்னக் கீல், ஒரு சைக்கிள் பிரேக் கேபிள், 100 சதுர செ.மீ. திறந்து மூடும் அளவுக்கு ஒரு அலுமினியத் தகடு, இந்த அளவு விமானத்துக்கு அது போதும்.